குறைந்தது நோயா, எண்ணிக்கையா?

அமெரிக்கப் பால்வினை நோய் அறிக்கை: ஒரு மதிப்பீடு

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் செய்யும் சோதனைகளுள் ஒன்று, கெய்கர்-முல்லர் எண்கருவியைக் கொண்டு கதிரியக்கத்தை அளப்பது. ஒரு முறை ஒரு மாணவர் தம் குறிப்பேட்டை நீட்டி, “சார், போன வாரத்தைவிட இந்த வாரம் எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்துவிட்டது. சீசியம் தீர்ந்துகொண்டு வருகிறது” என்றார். அங்கே இருந்தது சீசியம்-137. அதன் அரை வாழ்வுக் காலம் ஏறக்குறைய 30 ஆண்டுகள். ஒரு வாரத்தில் அது பாதியாக வழியே இல்லை. விசாரித்தபோது செய்தி வெளிப்பட்டது. முதல் வாரம் 10 செ.மீ. தொலைவில் வைத்த மூலத்தை அடுத்த வாரம் 15 செ.மீ. தொலைவில் வைத்திருக்கிறார். மாறியது சீசியம் அன்று, அளந்த முறை.

எண்கருவி காட்டும் எண் மூலத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. தன்னைப் பற்றியும் பேசுகிறது. ஆய்வுக்கூடத்தில் ஒரே நாளில் கற்றுக்கொள்ளும் இந்த உண்மையை, செய்தித்தாளில் அச்சான எண்ணைக் கண்டவுடன் நாம் மறந்துவிடுகிறோம். அவ்வாறு மறந்தால் என்ன நேரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டை இங்கே ஆராய்வோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நோய்க் கட்டுப்பாடு, தடுப்பு மையம் அட்லாண்டா நகரில் உள்ளது. நாடு முழுவதிலுமிருந்து வந்து சேரும் பால்வினை நோய்க் கணக்குகளைத் தொகுத்து, ஆண்டுதோறும் ஓர் அறிக்கையாக அது வெளியிடுகிறது. உலகில் இத்துறையில் வெளிவரும் அறிக்கைகளுள் மிக விரிவானவற்றில் இதுவும் ஒன்று. இதை எழுதுபவர் மருத்துவர் அல்லர். நோயைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமும் அன்று. ஆனால் அளவீடு என்பது இயற்பியல் மாணவருக்கு உரிய பொருள். அந்தக் கண்ணோடு இவ்வறிக்கையைப் பார்ப்போம்.

அறிக்கை கூறுவது

மூன்று நோய்களே இக்கணக்கின் முதுகெலும்பு. அவை கிளமிடியா, கொனோரியா எனப்படும் வெட்டை நோய், சிபிலிஸ் எனப்படும் கிரந்தி நோய் ஆகியன. மூன்றும் பாக்டீரியாக்களால் வருபவை. மூன்றும் மருந்தால் குணமாகக் கூடியவை. 2023-ஆம் ஆண்டில் கிளமிடியா 16,48,568, வெட்டை 6,01,319, எல்லாக் கட்டங்களும் சேர்ந்த கிரந்தி 2,09,253 எனப் பதிவாயின. மொத்தம் 24 இலட்சத்துக்கு மேல்.

அடுத்த ஆண்டுக்கான தற்காலிகக் கணக்கு 2025 செப்டம்பரில் வெளிவந்தது. 2024-இல் மொத்தம் சுமார் 22 இலட்சம். முந்திய ஆண்டைவிட 9 சதவீதம் குறைவு. கிளமிடியா 8 சதவீதமும், வெட்டை 10 சதவீதமும், கிரந்தியின் முதல் இரண்டு கட்டங்கள் 22 சதவீதமும் குறைந்தன. படிப்பவர் மனத்தில் உடனே எழும் எண்ணம், ‘நோய் குறைந்துவிட்டது’ என்பதுதான். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியுமா?

எண்ணிக்கை பிறக்கும் வழி

ஒருவரிடம் உள்ள நோய் அறிக்கையில் ஓர் எண்ணாக மாறுவதற்குள் பல வாயில்களைக் கடக்க வேண்டும். முதலில், அவருக்கு ஏதேனும் நோய்க்குறி தோன்ற வேண்டும். அல்லது ஐயமாவது எழ வேண்டும். அடுத்து, வெட்கத்தையும் செலவையும் தாண்டி அவர் மருத்துவரிடம் செல்ல வேண்டும். மருத்துவர் சரியான சோதனையைச் செய்யச் சொல்ல வேண்டும். சோதனை நோயைத் தவறவிடாமல் பிடிக்க வேண்டும். கடைசியாக, முடிவு சுகாதாரத் துறைக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஐந்து வாயில்கள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 80 பேர் கடந்துவிடுகிறார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 80 சதவீதம் நல்ல மதிப்பெண் போலத் தோன்றும். ஆனால் 0.8-ஐ ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள், 0.33 வரும். நூறு நோயாளிகளுள் 33 பேரே அறிக்கையில் இடம் பெறுவார்கள். இந்தப் பின்னத்தைக் கண்டறிவுத் திறன் என்று அழைப்போம். அப்படியானால்,

பதிவான எண்ணிக்கை = உண்மையான தொற்றுகள் × கண்டறிவுத் திறன்.

இந்தச் சமன்பாட்டில் நமக்குத் தெரிவது இடப்பக்கம் மட்டுமே. வலப்பக்கத்தில் தெரியாத கணியங்கள் இரண்டு உள்ளன. ஒரு சமன்பாட்டைக் கொண்டு இரண்டு தெரியாக் கணியங்களைக் காண முடியாது என்பது பள்ளி மாணவருக்கும் தெரியும்.

கற்பனையாக ஒரு கணக்கு. ஓர் ஊரில் முதல் ஆண்டு 1,000 பேருக்குத் தொற்று. கண்டறிவுத் திறன் 40 சதவீதம். பதிவாவது 400. மறு ஆண்டு தொற்று 1,200 ஆகிறது. ஆனால் மருத்துவ நிலையம் ஒன்று மூடப்பட்டதால் திறன் 30 சதவீதமாகிறது. பதிவாவது 360. நோய் 20 சதவீதம் கூடியிருக்க, அறிக்கை 10 சதவீதம் குறைந்ததாகக் காட்டும். பொய் சொன்னவர் எவரும் இல்லை. ஆயினும் ஊர் ஏமாந்துபோகும்.

உண்மை நிலை இக்கற்பனையிலிருந்து வெகு தொலைவில் இல்லை. அம்மையம் 2018-ஆம் ஆண்டுக்கென ஒரு தனி மதிப்பீடு செய்தது. அதன்படி, 15 முதல் 39 வயது வரை உள்ளவர்களிடம் மட்டும் அவ்வாண்டில் புதிதாக ஏற்பட்ட கிளமிடியாத் தொற்று சுமார் 40 இலட்சம். வெட்டை சுமார் 16 இலட்சம். அதே ஆண்டில் எல்லா வயதினரிடமும் பதிவானவை முறையே 17,58,668-உம் 5,83,405-உம் ஆகும். பாதித் தொற்றுகள்கூடக் கணக்கில் சேரவில்லை. வருமானம் போதாத குடும்பத்தின் வரவு செலவைப் பாதிச் சீட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுவது போன்றது இது.

2020 தந்த பாடம்

இயற்கை சில வேளைகளில் நமக்காகத் தானே ஒரு சோதனையைச் செய்து காட்டுகிறது. 2020-ஆம் ஆண்டு கோவிட் பெருந்தொற்று அப்படிப்பட்ட ஒன்று. மருத்துவ நிலையங்கள் பல மூடப்பட்டன. சுகாதாரப் பணியாளர்கள் கோவிட் வேலைக்கு மாற்றப்பட்டனர். பால்வினை நோய்ச் சோதனைக்குரிய பொருள்களுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. அதாவது எண்கருவி திடீரெனத் தள்ளி வைக்கப்பட்டது.

விளைவு என்ன? கிளமிடியா 2019-இல் 18,08,703, 2020-இல் 15,79,885. சுமார் 13 சதவீதம் வீழ்ச்சி. ஆனால் அதே ஆண்டில், அதே நாட்டில், வெட்டை நோய் 6,16,392-இலிருந்து 6,77,769 ஆக உயர்ந்தது. ஏறத்தாழ 10 சதவீதம் ஏற்றம்.

இரண்டும் ஒரே வழியில் பரவும் நோய்கள். மக்கள் நடத்தை மாறியிருந்தால் இரண்டும் ஒரே திசையில் அல்லவா நகர்ந்திருக்க வேண்டும்? வேறுபாட்டின் காரணம் நோய்க்குறியில் இருக்கிறது. கிளமிடியா தொற்றிய பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் தெரிவதில்லை. நலமாக இருப்பவர்களையும் அழைத்துச் சோதிப்பதால்தான் அது வெளிப்படுகிறது. வெட்டை நோயோ, ஆண்களிடம் பெரும்பாலும் எரிச்சலும் சீழும் தந்து, நோயாளியை மருத்துவரிடம் தானே இழுத்துச் செல்கிறது. தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நோய், தேடுவோர் இல்லாதபோது மறைந்தது; கதவைத் தட்டும் நோய் பதிவாயிற்று. எனவே அவ்வாண்டின் கிளமிடியா வீழ்ச்சியில் பெரும்பகுதி தேடல் குறைந்ததன் விளைவே எனக் கொள்வது பொருந்தும்.

இதன் மறுதலையும் உண்மை. கிளமிடியாவைப் பதிவு செய்வது 1990-களில் ஒவ்வொரு மாநிலமாகச் சட்டமாகி, 2000-ஆம் ஆண்டளவில் 50 மாநிலங்களிலும் கட்டாயமாயிற்று. அக்காலத்தில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. புதிய மாநிலங்கள் சேர்ந்ததும், இளம் பெண்களைச் சோதிப்பது பெருகியதும், நுண்ணுயிரின் மரபுப் பொருளையே கண்டறியும் கூர்மையான சோதனைகள் வந்ததும் அந்த ஏற்றத்துக்குத் துணை நின்றன. ஏற்றம் என்றால் கேடு என்றும் முடிவு கட்டக் கூடாது. நல்ல தேடலும் ஏற்றமாகத் தோன்றும்.

கூட்டக் கூடாதவற்றைக் கூட்டுதல்

நீளத்தையும் எடையையும் கூட்டி விடை எழுதும் மாணவருக்கு மதிப்பெண் கிடைக்காது. ‘பால்வினை நோய்கள் மொத்தம் 24 இலட்சம்’ என்னும்போது நாம் அதைத்தான் செய்கிறோம். இத்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு கிளமிடியா. சோதனைகளின் பெருக்கத்தையும் சுருக்கத்தையும் மிகுதியாகச் சார்ந்திருக்கும் எண்ணும் அதுவே. ஆகவே மொத்தம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பெரும்பாலும் கிளமிடியாவே முடிவு செய்கிறது.

மேலும், இந்த மொத்தம் எல்லாப் பால்வினை நோய்களின் மொத்தமும் அன்று. மனிதப் பாப்பிலோமா வைரஸ், பிறப்புறுப்பில் வரும் ஹெர்ப்பிஸ் முதலியவை நாடு தழுவிய கட்டாயப் பதிவில் இல்லை. மேற்சொன்ன 2018 மதிப்பீட்டில், குறிப்பிட்ட ஒரு நாளில் பால்வினைத் தொற்று உடையவர்கள் சுமார் 6 கோடியே 80 இலட்சம் பேர், அதாவது ஐவரில் ஒருவர், என்று கூறப்பட்டது. அதில் மிகப் பெரும் பங்கு பாப்பிலோமா வைரஸுக்கு உரியது. எண்ணப்படாத நோய் இல்லாத நோய் ஆகிவிடாது.

இந்தக் கூட்டலால் விளையும் பெருங்கேடு ஒன்று உண்டு. அதுவே இம்மதிப்பீட்டை எழுதத் தூண்டியது.

குழந்தைகளின் எண்

கருவுற்ற தாய்க்குக் கிரந்தி நோய் இருந்து, உரிய காலத்தில் மருத்துவம் பெறாவிட்டால், அது குழந்தையைத் தாக்கும். குழந்தை இறந்தே பிறக்கலாம். பிறந்து சில நாளில் இறக்கலாம். பிழைத்தாலும் எலும்பு, மூளை, கண், செவி ஆகியவற்றில் கேடு தங்கலாம். இதற்குப் பிறவிக் கிரந்தி என்று பெயர்.

அமெரிக்காவில் 2012-இல் பதிவான பிறவிக் கிரந்தி 335. 2023-இல் அது 3,882. பதினோரு ஆண்டில் பதினொரு மடங்குக்கு மேல்! அந்த 3,882-இல், இறந்தே பிறந்தவையும் பிறந்து இறந்தவையும் 279. மற்ற எண்கள் குறைந்ததாகக் கூறப்படும் 2024-ஆம் ஆண்டிலும் இந்த எண் மட்டும் குறையவில்லை. ஏறத்தாழ 4,000 ஆயிற்று. தொடர்ந்து பன்னிரண்டாவது ஆண்டாக ஏற்றம்.

இப்போது கூட்டலுக்கு வருவோம். 24 இலட்சத்தில் 3,882 என்பது ஆயிரத்துக்கு இரண்டுகூட ஆகாது. குழந்தைகளின் எண் அடுத்த ஆண்டே இருமடங்கானாலும், மொத்தத்தில் 0.2 சதவீதம்கூட ஏறாது. 9 சதவீத வீழ்ச்சி அதை அப்படியே விழுங்கிவிடும். மாத்திரையால் ஒரு வாரத்தில் குணமாகும் கிளமிடியாவும் ஒன்று. இறந்து பிறந்த குழந்தையும் ஒன்று. அந்தக் கூட்டலுக்கு வேறுபாடு தெரியாது.

‘இந்த எண்ணும் தேடலைச் சார்ந்ததுதானே?’ என்று மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. குழந்தையிடம் நோய்க்குறி தென்படாவிட்டாலும், தாய் சரியான மருத்துவம் பெறவில்லை என்றால் குழந்தையைக் கணக்கில் சேர்ப்பது அங்குள்ள வரையறை. இவ்வரையறை 1988-இல் விரிவாக்கப்பட்டபோது எண்ணிக்கை உயர்ந்தது. ஆகவே இதுவும் கருவியை முற்றிலும் சாராத எண் அன்று. ஆயினும் 2012-க்குப் பின் ஏற்பட்ட பதினொரு மடங்கு உயர்வை வரையறையைக் காட்டி விளக்க முடியாது. பிரசவம் மறைந்து நிகழ்வதும் இல்லை. நாட்டில் ஒவ்வொரு பிறப்பும் பதிவாகிறது. நம்மிடம் உள்ள எண்களுள் உண்மைக்கு மிக அருகில் நிற்பது இதுவே. அந்த எண் மேலே போகிறது.

இன்னொரு சான்றும் உண்டு. கிரந்தியின் முதற்கட்டப் புண் வலி தராது. சில வாரங்களில் தானே ஆறிவிடும். இரண்டாம் கட்டத் தடிப்பும் மறைந்துவிடும். அதன்பின் நோய் பல ஆண்டுகள் உள்ளே உறங்கும். 2022-இலிருந்து 2023-க்குள் முதல் இரண்டு கட்டங்களில் கண்டறியப்பட்டவர்கள் 59,016-இலிருந்து 53,007 ஆகக் குறைந்தனர். ஆனால் எல்லாக் கட்டங்களும் சேர்ந்த தொகை 2,07,255-இலிருந்து 2,09,253 ஆகக் கூடியது. அப்படியானால் மற்றக் கட்டங்களில் கண்டறியப்பட்டோர் பெருகியிருக்கிறார்கள். தொடக்கத்தில் பிடிபடாமல் காலம் தாழ்ந்து பிடிபடுவோர் மிகுந்தால், அது புதுத் தொற்று குறைந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம். தேடல் தளர்ந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம். எது என்று அறிய வேண்டாமா?

நிறையும் குறையும்

அறிக்கையைத் தயாரித்தோர் இவற்றை அறியாதவர்கள் அல்லர். சோதனை முறை, பதிவு முறை, வரையறை ஆகியவை மாறினால் எண்ணிக்கையும் மாறும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். 2020-க்கான அறிக்கையில் பெருந்தொற்றின் விளைவை வெளிப்படையாகவே எச்சரித்தார்கள். சில தேர்ந்தெடுத்த மருத்துவ நிலையங்களில் செய்த சோதனைகளுள் எத்தனை சதவீதம் நோயைக் காட்டின என்ற விவரமும் கிடைக்கிறது. இவ்வளவு விவரத்தை ஒளிக்காமல் உலகின் முன் வைப்பது பாராட்டத்தக்கது. அவர்கள் எண்களை வெளியிட்டதால்தான் நாம் இங்கிருந்து குறை கூற முடிகிறது.

குறை என்னவெனில், எச்சரிக்கை ஓரிடத்தில் இருக்கிறது. எண் வேறிடத்தில் இருக்கிறது. எண் தலைப்புச் செய்தியாகிறது. எச்சரிக்கை உள்ளேயே தங்கிவிடுகிறது. நாடு முழுவதிலுமிருந்து வருவது நோய் உள்ளவர்களின் கணக்கே. நோய் இல்லை என்று முடிவு வந்த சோதனைகளின் கணக்கு அவ்வாறு வருவதில்லை. எத்தனை முறை வலை வீசினோம் என்று சொல்லாமல், எத்தனை மீன் கிடைத்தன என்று மட்டும் சொன்னால், ஆற்றில் மீன் பெருகியதா குறைந்ததா என்பதை எப்படி அறிவது?

எண் குறைவதெல்லாம் ஏமாற்று என்று கூறுவதாக எவரும் கொள்ள வேண்டாம். 1975-இல் இலட்சம் பேருக்கு 464 என இருந்த வெட்டை நோய் 2009-இல் 98 ஆகக் குறைந்தது. 1970-களின் நடுவில் தொடங்கிய நாடு தழுவிய திட்டத்தைத் தொடர்ந்து வந்த வீழ்ச்சி அது. தேடல் நடந்துகொண்டிருக்கும்போதே எண் குறைந்தால் அதை நம்பலாம். 2024-இன் வீழ்ச்சியிலும் உண்மைப் பங்கு இருக்கக் கூடும். உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் டாக்சிசைக்ளின் என்னும் மருந்தை உட்கொண்டு நோயைத் தடுக்கும் முறைக்கு, மிகுதியான ஆபத்துக்கு உள்ளாகும் சில பிரிவினருக்கென 2024 ஜூனில் அம்மையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன் பயனையும் மறுக்க முடியாது. தேடலின் அளவும் உடன் தரப்பட்டிருந்தால் இந்தப் பங்கைப் பிரித்தறியலாம் என்பதே நம் வாதம்.

எண்ணைத் தவறாகப் படித்தால் வரும் நட்டம் ஏட்டோடு நிற்பதில்லை. 2000, 2001 ஆகிய ஆண்டுகளில் முதல் இரண்டு கட்டக் கிரந்தி இலட்சத்துக்கு 2.1 என்ற அளவுக்குக் குறைந்தது. நாட்டைவிட்டே நோயை ஒழிக்க 1999-இல் திட்டமும் தீட்டியிருந்தார்கள். 2023-இல் அந்த வீதம் 15-ஐத் தாண்டி நின்றது. அந்த 2023-ஆம் ஆண்டிலேயே, அரசின் கடன் வரம்பு பற்றிய உடன்படிக்கையில், நோயாளியோடு தொடர்புடையவர்களைத் தேடிச் சென்று சோதனைக்கு அழைக்கும் பணியாளர்களுக்கென ஒதுக்கியிருந்த நிதியில் சுமார் 40 கோடி டாலர் வெட்டப்பட்டது. தேடுவோர் குறைந்தால் எண் குறையும். எண் குறைந்தால், ‘இனி இத்தனை பேர் எதற்கு?’ என்ற கேள்வி எழும். இது தன்னைத் தானே வளர்க்கும் சுழல்.

நமக்கு இதில் என்ன?

நியூயார்க்கைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவில் இருந்த அமெரிக்க அரசு மருத்துவமனையில்தான், 1943-இல் ஜான் மஹோனி என்பவர் கிரந்தி நோயாளிகள் நால்வருக்குப் பெனிசிலின் கொடுத்துக் குணமாவதைக் காட்டினார். அங்கிருந்த பால்வினை நோய் ஆய்வகம் 1946-இல் எளிய இரத்தச் சோதனை ஒன்றை வகுத்தது. நம் ஊரில் கருவுற்ற தாய்மாரின் பரிசோதனைச் சீட்டில் வி.டி.ஆர்.எல். என்ற நான்கு எழுத்துகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவை அந்த ஆய்வகத்தின் பெயரின் முதலெழுத்துகளே.

சோதனையையும் மருந்தின் பயனையும் உலகுக்குத் தந்த நாட்டில், இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 குழந்தைகள் இந்நோயோடு பிறக்கிறார்கள். 2022-இல் பதிவான இத்தகைய நேர்வுகளுள் பத்தில் ஒன்பதை, தாய்க்கு உரிய காலத்தில் சோதனையும் மருந்தும் கிடைத்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று அம்மையமே கூறுகிறது. போதாததற்கு, கருவுற்ற பெண்களுக்கு இந்நோயில் பரிந்துரைக்கப்படும் ஒரே மருந்தான நீண்ட நேரம் உடலில் தங்கும் பெனிசிலின் ஊசிக்கு 2023-இல் அங்கே தட்டுப்பாடும் ஏற்பட்டது.

இந்த அறிக்கையைத் திருத்தி எழுதச் சொன்னால் நாம் கேட்பவை மூன்று. மூன்று நோய்களையும் கூட்டி ஒரே எண்ணாக்குவதை விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் எத்தனை சோதனைகளில் அது கிடைத்தது என்பதைத் தர முயல வேண்டும். பிறவிக் கிரந்தியை முதற்பக்கத்தில் முதல் வரியில் அச்சிட வேண்டும்.

மாணவர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. எந்த நாட்டின் எந்த நோயாயினும், ‘இத்தனை சதவீதம் குறைந்தது’ என்று படித்தவுடன், ‘தேடியது எவ்வளவு?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். எங்கள் மாணவர் மறு வாரம் மூலத்தை மீண்டும் 10 செ.மீ. தொலைவில் வைத்து அளந்தார். பழைய எண்ணிக்கையே வந்தது. சீசியம் அங்கேயேதான் இருந்தது.